தேவதைகளுக்குச் சம்பளம் எதற்கு?

சிவகாசி, சாத்தூர் பக்கத்தில் மருந்து வெடித்தால் வெந்துபோன உடல்களை முதலில் கையில் வாங்குகிறவர்கள் யார்? மாரியம்மனா? பூசாரியா? பட்டாசு முதலாளியா? சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சுகளே யாவார்கள். 2012ம் வருஷம் செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்ட அன்றும் அவர்கள்தான். 2021 பிப்ரவரி 12ந் தேதி அச்சங்குளம் வெடித்த அன்றும் அவர்கள்தான்.

தீப்பட்டவனை விபூதி பிழைக்க வைப்பதில்லை. அவன் எடையையும் வெந்த தோலின் அளவையும் கணக்குப் பார்த்து, முதல் நாளைக்கு வேண்டிய நீரில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். மணிக்கு மணி மூத்திரத்தை அளந்து எழுத வேண்டும். சதையோடு ஒட்டிய கட்டை நனைத்துப் பிரித்துப் புதுக்கட்டுப் போட வேண்டும். இதை இரவெல்லாம் கண்விழித்துச் செய்யும் பெண்ணுக்கு நம் நாட்டார் கொடுத்திருக்கும் பட்டம் "வெள்ளுடைத் தேவதை" என்பதாகும். சம்பளம் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் அப்பட்டத்தின் புரட்டு வெளியாகும்.

2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் ரூ. 7,700. இரண்டு வருஷத்தில் நிரந்தரமாகும் என்று நம்பிச் சேர்ந்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அது 14,000 ஆயிற்று, பின்னர் 18,000. அதே வார்டில் அதே ஊசியைப் போடும் நிரந்தர நர்சுக்கோ காலமுறைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. தற்காலிக ஊழியரானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சுப்ரீம் கோர்ட்டு 2016 அக்டோபரிலேயே சொல்லியாகிவிட்டது. பிறப்பினால் வந்த வருணத்தை ஒழிக்கப் பாடுபட்ட இந்த நாட்டில், சர்க்கார் உத்தரவினால் ஒரு புது வருணமா என்று கேட்கிறோம்.

நிற்க, "இது கஷ்ட காலம், கஜானாவில் பணமில்லை" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. கஷ்ட காலத்தில் சிமெண்டு விலையைப் பாதியாக்கு என்று எந்தக் கண்டிராக்டரையாவது கேட்டதுண்டா? 2022 ஜனவரியில் விருதுநகரில் புது மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். நல்லது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் கட்டடமா கட்டுப் போடும்? மேலும், பட்டாசு ஆலை மூடிக் கூலியில்லாமல் போகும் காலத்தில்தான் தொழிலாளி தனியார் ஆஸ்பத்திரியை விட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அதாவது, கஷ்ட காலத்தில் நர்சின் வேலை பெருகுகிறது. வேலை பெருகும்போது கூலியைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

2020ல் நடந்த கூத்தைப் பாருங்கள். மார்ச்சு 22ந் தேதி கை தட்டினார்கள், தட்டையும் தட்டினார்கள். மே 3ந் தேதி ஆகாய விமானப் படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவின. தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள் என்று புராணத்தில் படித்துச் சிரித்தவர்கள் நாம், கண்ணாலும் பார்த்துவிட்டோம்! இவ்விரண்டுக்கும் நடுவே, ஏப்ரலில், சர்க்கார் ஊழியர் அனைவருக்கும் பஞ்சப்படி உயர்வை நிறுத்தி உத்தரவு வந்தது. அக்காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட நர்சுகளில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ந் தேதியோடு வேலை முடிந்தது என்று அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் மாற்று வேலை என்ற பேச்சு வந்தது.

ஆணுக்கு வேலை, பெண்ணுக்குத் தொண்டு. ஆணுக்குச் சம்பளம், பெண்ணுக்குப் புண்ணியம் என்கிற பழைய சாஸ்திரம்தான் இந்தக் கணக்கை எழுதுகிறது. புண்ணியத்தை வாங்கிக்கொண்டு எந்தக் கடைக்காரனும் அரிசி கொடுப்பதில்லை.

ஆகவே, சிவகாசி, விருதுநகர், சாத்தூர் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளத் தோழர்களே! ஒரு வார்டுக்கு ஒரே சம்பள விகிதம் வேண்டும், ஒப்பந்தத்தில் உழைத்த வருஷங்களையும் சர்வீசில் சேர்க்க வேண்டும் என்று உங்கள் சங்கங்களில் தீர்மானம் போட்டு சர்க்காருக்கு அனுப்புங்கள். நாளைக்கு உங்கள் கட்டைப் பிரிக்கப் போகிறவள் பகலில் வேறொரு வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வரவேண்டுமா?