கோயில் மியூசியமாச்சு, கும்பிடு பிழைச்சது

சாக்ரமெண்டோவுக்கு வடக்கே ஓரோவில் என்ற சின்ன ஊரில் ஒரு சீனக் கோயில் இருக்கிறது. தங்க வேட்டைக்கு வந்த சீனர்கள் 1863-இல் கட்டியது. ஒரே வளாகத்தில் புத்தருக்கு ஓரிடம், தாவோ தெய்வங்களுக்கு ஓரிடம், கன்பூசியஸ் வழிக்காரர்களுக்கு ஓரிடம். நம்ம லிவர்மோர் கோயிலில் சிவனும் விஷ்ணுவும் சேர்ந்து இருக்கிற மாதிரிதான். வந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்தால்தானே கோயில்!

1937-இல் அதை நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இன்று அது மியூசியம். ஊரைவிட்டுச் சீனர்கள் போனதற்கு 1907 வெள்ளம் ஒரு காரணம். ஆனால் சமூகமே வேர்பிடிக்காமல் போனதற்குச் சட்டம்தான் காரணம். 1875-இல் வந்த பேஜ் சட்டம் சீனப் பெண்களின் வருகையை ஏறக்குறைய நிறுத்தியது. 1882-இல் தொழிலாளர்களுக்கும் கதவடைப்பு. அது 1943 வரை நீடித்தது.

கன்பூசியஸ் மரபில் முன்னோரைக் கும்பிடுவது பிள்ளைகளின் கடமை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாத ஊர்ல யார் ஊதுவத்தி ஏத்துவாங்க? அதனால்தான் பலருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து, கப்பலேற்றி, குவாங்டாங் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே கும்பிட ஆள் இருந்தது.

குடும்பங்கள் வேர்பிடித்த இடத்தில் கதை வேறு. ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் சமயம் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து கோல்மா இடுகாடுகளுக்குப் போனால் பார்க்கலாம். லீவு பார்த்து வார இறுதியில் வருகிறார்கள். கல்லறையைத் துடைத்து, ஆரஞ்சுப் பழமும் கோழியும் படைக்கிறார்கள். பேரப்பிள்ளைகளும் வரிசையாக நின்று கும்பிடுகிறார்கள்.

நமக்கு எந்தச் சட்டமும் குறுக்கே இல்லை. பிள்ளைகள் கூடவே இருக்கிறார்கள். எடிசனோ டாலஸோ, நம்ம ஊர் நேரத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து அமாவாசை கணக்கிடுகிறோம். காக்கா வரலைன்னா அணில் சாப்பிடட்டும்னு விட்டுடறோம். இந்த மாற்றமெல்லாம் சரிதான். ஆனால் பல வீடுகளில் அப்பா லேப்டாப்பில் வாத்தியார் சொல்லச் சொல்ல, கதவைச் சாத்திக்கொண்டு தர்ப்பணம் செய்கிறார். பிள்ளைகளுக்கு அது இன்னொரு மீட்டிங்.

தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்கள் வருகின்றன. படையல் போடும் வீடுகளில் தாத்தா பாட்டி படம் இருக்கிறது. அடுத்த முறை கதவைத் திறந்து வையுங்கள். பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் எந்த ஊர், என்ன வேலை செய்தார்கள் என்று இங்கிலீஷிலேயே சொன்னாலும் போதும். கோபுரத்தை நன்கொடை காப்பாற்றும். கொள்ளுத்தாத்தா பெயரைப் பிள்ளைகள்தான் காப்பாற்ற வேண்டும்.