கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்



இந்த இதழின் ஸ்காட்லாந்துச் சிறப்புப் பகுதிக்குப் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வடிவமைப்பாளர் நிமிர்ந்து கேட்டார்: "சார், இந்த மலையெல்லாம் யாருக்குச் சொந்தம்? நாம போனா உள்ளே விடுவாங்களா?" பயணக் கட்டுரைகள் அதிகம் தொடாத கேள்வி. இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

ஹைலண்ட்ஸ் எனப்படும் வடக்கு மலைநாட்டில் பெரும்பகுதி தனியார் எஸ்டேட்டுகள்தான். ஆனாலும் போகலாம். 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், அடுத்தவர் நிலத்தில் நடக்கவும், சைக்கிள் ஓட்டவும், ஏரியில் துடுப்புப் படகு விடவும், கூடாரம் அடித்துத் தூங்கவும் எல்லாருக்கும் உரிமை தந்திருக்கிறது. சுற்றுலா விசாவில் போகிற நமக்கும்தான். காருக்கு அந்த உரிமை கிடையாது. வீட்டுத் தோட்டத்திலும் விளையும் பயிரிலும் கால் வைக்கக் கூடாது. நாம் திறந்த கதவை நாமே சாத்த வேண்டும், இல்லையென்றால் ஆடுகள் போய்விடும். லோமண்ட் ஏரிக்கரையில் சில இடங்களில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள். கூட்டம் அடித்த கூத்தின் பலன்.

தங்குவதற்குப் பூட்டில்லாத குடில்களும் உண்டு, 'பாத்தி' என்பார்கள். பல, ஒரு காலத்தில் மேய்ப்பர்களும் குடியானவர்களும் வாழ்ந்த வீடுகள். 1965-ல் தொடங்கிய தன்னார்வலர் சங்கம் ஒன்று நூறு குடில்கள் அளவுக்குப் பராமரிக்கிறது. வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. பெரும்பாலானவற்றில் கழிப்பறையும் இல்லை, மூலையில் ஒரு மண்வெட்டி இருக்கும்.

அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே? இதைக் கேட்காமல் ஹைலண்ட்ஸைச் சுற்றுவது பாதிப் பயணம் என்பேன். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், செம்மறி ஆடு வளர்த்தால் குத்தகைப் பணம் கூடும் என்று கணக்குப் போட்ட நிலப்பிரபுக்கள் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குடிகளை வெளியேற்றினார்கள். பலர் கடற்கரைக்கும் கனடாவுக்கும் போனார்கள். 1845-ல் கிளென்கால்வி என்ற பள்ளத்தாக்கின் மக்கள் போக்கிடம் இல்லாமல் கிராய்க் தேவாலய வளாகத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் அவர்கள் கீறி வைத்த எழுத்துகளை இன்றும் படிக்கலாம். சுற்றுலாத் துண்டறிக்கைகள் 'மனிதக் கை படாத அழகு' என்று புகழும் வெறுமையில் பாதி இப்படி உண்டானது. மரமில்லாத சரிவுகளும் முழுக்க இயற்கை அல்ல. பழைய பைன் காடுகளை மனிதன் வெட்டினான், கன்றுகளை ஆடும் மானும் மேய்ந்தன.

நடக்கத் தெம்பில்லாதவர்கள் ரயிலில் ஏறி ரானக் சதுப்புவெளியைக் கடக்கலாம். ஆழமான கரிச்சேறு என்பதால் மரவேர்களையும் சுள்ளிகளையும் பரப்பி, அந்த மெத்தையின் மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். 1894 முதல் ரயில் ஓடுகிறது. நடுவில் வரும் கொரூர் நிலையத்துக்குப் பொதுச் சாலையே கிடையாது.

எப்போது போவது? மலைச்சரிவெல்லாம் ஹெதர் பூத்து ஊதாவாக வேண்டுமென்றால் ஆகஸ்ட். ஆனால் அப்போது 'மிட்ஜ்' என்ற பொடிக்கொசு மொய்க்கும். காற்று வீசும் இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்தால் தப்பிக்கலாம். என் ஓட்டு மே மாதத் தொடக்கத்துக்கு. கொசு பெரும்பாலும் கிளம்பியிருக்காது, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மழைக்கோட்டை மட்டும் எந்த மாதத்திலும் வீட்டில் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்