உணர்வுசார் நுண்ணறிவுத் தேர்வு: சங்கத்தின் நிலைப்பாடு

மருத்துவம், செவிலியம், துணை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு உணர்வுசார் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணை இன்டர்னலில் சேர்க்கலாம் என்ற யோசனை கிளம்பியிருக்கிறது. சங்கத்தின் விழுப்புரம், திண்டிவனம் கிளைகள் கூடிப் பேசியதில், இதை இப்போதைய வடிவில் ஏற்பதற்கில்லை என்று முடிவாகியிருக்கிறது.

உணர்வுகளைக் கையாளும் திறனே தேவையில்லை என்று சங்கம் சொல்லவில்லை. உணர்வுகளைக் கையாளத் தெரிந்தவர்கள் படிப்பிலும் ஓரளவு முன்னே நிற்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்குத் தனிப் பகுதியே உண்டு. அதை ஒழுங்காக நடத்தினால் போதும் என்பது பெரும்பாலோர் கருத்து.

ஆனால் இந்த மதிப்பெண்ணைக் காட்டி, அரியர் வைத்த பிள்ளையைப் பார்த்து ‘உனக்கு மனத்திடம் போதாது’ என்பதை ஒருபோதும் ஏற்க மாட்டோம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். வந்ததும் அனாடமியை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். வைவாவில் அவர்களுக்கு நா எழாவிட்டால், அதற்கும் உணர்வுக் குறைபாட்டுக்கும் என்ன சம்பந்தம்? மொழி மட்டுமல்ல, வேலைச்சுமையும் மாணவர்களை வாட்டுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையின்படி, ஆய்வில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள், ஒரு நாள் விடுப்புக் கொடுங்கள் என்று அதே குழு பரிந்துரைத்தது. அதை விட்டுவிட்டு, நைட் டியூட்டி முடித்து ரவுண்ட்ஸில் நிற்பவரின் மனத்தை அளக்கக் கிளம்புவது அநியாயம். கல்லூரிகளின் குறையையும் பார்க்க வேண்டும்: 2016 ஜனவரியில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சின்னசேலம் அருகே, இயற்கை மருத்துவம் படித்த மாணவிகள் மூவர் கிணற்றில் சடலமாகக் கிடந்தார்கள். கட்டணக் கொள்ளை, வசதியின்மை என்று அந்தக் கல்லூரி மாணவர்கள் அதற்கு முன்பே போராடியிருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் எந்தத் திறன் குறைந்திருந்தது?

மதிப்பெண்ணுக்குப் பயந்து எவரும் உண்மை நிலையைச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. நிர்வாகங்கள் முதலில் அதைச் செய்யட்டும். அதுவரை தேர்வுக்கான ஒப்புதல் படிவத்தில் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டாம். மனம் தாங்காத நேரத்தில் தயங்காமல் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள்; எங்களையும் கூப்பிடுங்கள்.