அறம் வளர்ப்போர்: பூட்டிய வீடுகள், திறந்த சத்திரம்

செட்டிநாட்டில், காரைக்குடிப் பகுதியிலுள்ள நகரத்தார் ஊர்களுள் ஒன்று நேமத்தான்பட்டி. இத்தகைய ஊர்களின் தெருக்களில் நடப்போர் முதலில் காண்பவை நெடிய முகப்புகளும் பூட்டிய கதவுகளுமே. வீட்டுக்குரியவர்கள் சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணம், சாந்திக் கல்யாணம், படைப்பு என்று ஏதேனும் ஒரு விசேஷத்திற்கே கதவுகள் திறக்கின்றன. வீடே பூட்டிக் கிடக்கும்போது அந்த வீட்டார் முன்னோர் தொடங்கிய தருமங்கள் என்னவாகும் என்னும் கவலை பெரியோர் உள்ளத்தில் எழுவது இயல்பே.

அக்கவலைக்கு விடை, அவ்வூர்களின் பழைய வழக்கம் ஒன்றிலேயே உள்ளது. நகரத்தார் மரபில் மணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி'. மணமக்களுக்கு அவர்கள் சார்ந்த குலக்கோயிலிலிருந்து மாலை வருகிறது. அவர்கள் அக்கோயிலின் புள்ளியாகப் பதிவு பெறுகின்றனர். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி முதலான ஒன்பது கோயில்களும் இம்மரபின் வேர்கள். கோயில் திருப்பணிக்கும் திருவிழாவிற்கும் புள்ளிவரி கேட்கப்படும்போது, செல்வரும் எளியவரும் புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் தருகின்றனர். வசதியுள்ளோர் தம் செல்வத்திற்கேற்பக் கூடுதலாக வழங்குவது அதற்கு மேற்பட்டது. ஆகவே கோயில் ஒருவருடையது அன்று, ஒவ்வொருவருடையதும் ஆகும்.

வணிகத்திலும் இதே முறை நின்றது. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து தொழில் செய்த காலத்தில் சென்ற இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எழுப்பினர். சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி கோயில் 1859-ஆம் ஆண்டில் அமைந்தது. வரவில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று எடுத்துவைத்துத் தருமக் கணக்கில் சேர்த்தனர். மிஞ்சியதைக் கொடுப்பது அவர்கள் வழக்கம் அன்று. எடுத்துவைத்த பின் மிஞ்சியதில் வாழ்வதே அவர்கள் வழக்கம்.

அந்த மகமையில் ஊருணிகள் வெட்டப்பட்டன. மழை குறைந்த அம்மண்ணில் ஊருணி நீரே ஊரின் உயிர். வேத பாடசாலைகளும் தேவாரப் பள்ளிகளும் பசுமடங்களும் எழுந்தன. இவற்றுக்கெல்லாம் சிகரமாக 1813-ஆம் ஆண்டில் காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் நிறுவப்பட்டது. காசி விசுவநாதர் பூசைக்குரிய பால், சந்தனம், விபூதி, வில்வம், மலர் ஆகியவற்றை அச்சத்திரத்திலிருந்து நாள்தோறும் ஏந்திச் செல்கின்றனர். "சம்போ, சம்போ" என்னும் முழக்கத்துடன் செல்வதால் அவ்வழிபாட்டிற்கே 'சம்போ' என்று பெயர். இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அது நடந்து வருகிறது. பிரயாகை, கயை, அயோத்தி ஆகிய தலங்களிலும் நகரத்தார் சத்திரங்கள் யாத்திரிகரை வரவேற்கின்றன.

இடையில் நேர்ந்த சோதனைகள் சிறியவை அல்ல. 1942-இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது, எல்லாவற்றையும் விட்டுக் கால்நடையாகவே தாயகம் திரும்பியோர் பலர். 1960-களில் அந்நாட்டு அரசு வணிகங்களை அரசுடைமையாக்கியது. தலைமுறைகளாகச் சேர்ந்த பொருள் போயிற்று. பல வீடுகளில் தூண்களும் கதவுகளும்கூட விலை போயின. ஆயினும் சம்போ நிலைத்தது. ஒரு செல்வரின் தோளில் மட்டும் அது தங்கியிருந்தால், அவர் சாய்ந்த அன்றே சாய்ந்திருக்கும். பல தோள்கள் சுமந்தமையால், சில தோள்கள் தளர்ந்தபோதும் பல்லக்கு தரையில் இறங்கவில்லை.

காசியில் சிக்ரா என்னும் பகுதியிலுள்ள சத்திரத்து நிலம் பிறர் ஆக்கிரமிப்பில் இருந்தது. அறநிலையத்தார் தளராது முயன்று அதனை மீட்டனர். அங்கே ஏறத்தாழ 60 கோடி ரூபாய்ச் செலவில், 140 அறைகளுடன் புதிய சத்திரம் எழுந்தது. 2025 அக்டோபர் 31 அன்று குடியரசுத் துணைத்தலைவர் சி. பி. இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். ஊரில் வீடுகள் பூட்டியிருக்க, காசியில் யாத்திரிகருக்காக ஒரு புதிய கதவு திறந்தது.

அறம் நிலைப்பது பெருந்தொகையினால் அன்று; பங்கிட்டுச் சுமப்பதனாலும், சுமையை அடுத்த தலைமுறைக்கு மாற்றிக் கொடுப்பதனாலுமே. அம்மாற்றத்தைச் செய்யவேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. வெளியூரில் வளரும் பேரனுக்குத் தன் குலக்கோயில் எது, தன் ஊர் ஊருணியை வெட்டியவர் யார், காசியில் யார் பெயரால் பால் செல்கிறது என்பதை அப்பத்தா சொல்லாவிட்டால் வேறு எவர் சொல்வார்?

எந்தக் குலத்தவர்க்கும் எந்த ஊரினர்க்கும் இவ்வழி பொருந்தும். பூசையறையில் ஒரு சிறு உண்டியல் வைத்து, மாத வரவு வந்த அன்றே ஒரு பங்கைத் தருமத்திற்கென இடலாம். அதனைப் பேரப்பிள்ளையின் கையால் இடச் செய்தால், காசும் சேரும், கையும் பழகும். நேமத்தான்பட்டி போன்ற ஊர்கள் காத்துத் தந்த பெருஞ்செல்வம் அந்தப் பழகிய கையே. அது நம் இல்லங்களிலும் வளர விசுவநாதப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.