களிம்பைக் கழுவாதீங்க

போன விடுமுறையில எங்கட கூட்டாளி ஒருத்தியின்ர அம்மம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். காணி உறுதிக்குக் கீழே ஒரு துணி முடிச்சு. உள்ளே விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த செப்புச் சதங்கள். மறுபக்கம் ஒரு மரம். பனை எண்டுதான் நினைத்தோம், பிறகுதான் தெரிந்தது அது தாளிப்பனை. 1901ஆம் ஆண்டுக் காசு ஒன்று நல்ல கடும் மண்ணிறம். நாங்கள் செய்த வேலை என்ன? குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேய்த்தோம். பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாய் மினுங்கியது. படமெடுத்து, நாணயம் சேர்க்கிற ஒரு அண்ணாவுக்கு அனுப்பினோம். "ஏன் இதைக் கொண்டுபோட்டீங்கள்?" எண்டு கேட்டார்.

முதலில் கோபம்தான் வந்தது. தேடி வாசித்த பிறகு வெட்கமாக இருந்தது.

உயர்தரத்தில் இந்து நாகரிகம் படித்த ஆக்களுக்குச் செம்பும் களிம்பும் நினைவிருக்கும். ஆன்மாவோடு ஆணவம் ஒட்டிக்கிடப்பதற்குச் சைவசித்தாந்தம் சொல்லுற உவமை அது. அங்கே களிம்பு நீங்கவேண்டிய அழுக்கு. நாங்கள் பழைய காசையும் அதே கண்ணாலதான் பார்க்கிறோம். ஆனால் காசின் கதை வேறு. புதுச் செம்பு காற்றுப் படப்பட மண்ணிறமாகும். அந்த மெல்லிய தோல் கீழே இருக்கிற உலோகத்தைக் காக்கும். புளியின் அமிலம் தோலை மட்டுமில்லை, அச்சில் அடிபட்டபோது பதிந்த மேற்பரப்பையும் கரைக்கும். காசு திரும்பவும் கறுக்கும்தான், ஆனால் திட்டுத் திட்டாக. போன மேற்பரப்பு போனதுதான்.

அப்ப பழைய நிறமெல்லாம் உண்மையா? அதுவும் இல்லை. மினுக்கின காசு விலைபோகாது எண்டு தெரிந்தவர்கள் நிறத்தையே செய்கிறார்கள். சூடாக்கியும், கந்தகம் சேர்ந்த பொருட்களில் வைத்தும் செய்யலாம். வெள்ளிக் காசில் இது நன்றாக விளங்கும். இலங்கையில் 1892 முதல் வந்த வெள்ளி 10, 25, 50 சதங்களை எடுங்கள். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் மெல்லிய படலமாகப் படியும். படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர் மஞ்சள், பிறகு செவ்வூதா, பிறகு நீலம். ஒரு நிறம் மற்றதுக்குள் மெல்ல மெல்லக் கரையும். அந்த ஒழுங்கில்லாமல் நீலம் திடீரெண்டு வெட்டினமாதிரி நின்றால் சந்தேகப்படுங்கள். செம்பில் எழுத்துகளின் இடுக்கைப் பாருங்கள். கைபடாத அந்த மூலைகளில்தான் பழைய சிவப்புக் கடைசிவரை ஒளிந்திருக்கும். எல்லா இடமும் ஒரே நிறமெண்டால், அல்லது மினுக்கிய கீறல்களுக்குள்ளும் புது நிறம் ஓடியிருந்தால், அது பூசின நிறமாக இருக்கலாம்.

குறைகளுக்கும் ஒரு எளிய கேள்வி இருக்குது: கோடு மேலெழும்பி நிற்குதா, உள்ளே குழிந்திருக்குதா? மேலெழும்பினால் அச்சு வெடித்ததன் அடையாளம், காசு பிறக்கும்போதே வந்தது. குழிந்திருந்தால் பெரும்பாலும் பிறகு பட்ட காயம். முதலாவதைத் தேடி வாங்குகிறார்கள், இரண்டாவது விலையைக் குறைக்கும்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் ஏலாது. எடை பார்க்கவேணும். விளிம்பில் வார்ப்பின் பொருத்துக்கோடு இருக்குதா எண்டு பார்க்கவேணும். ஒரு விதிவிலக்கும் உண்டு. தொட்டால் மாவாய் உதிர்கிற வெளிர்பச்சை, குளோரைட்டு செம்பைத் தின்னுகிற நோய். ஈரப்பதன் கூடினால் பரவும். அதை அப்பிடியே விடக்கூடாது, தெரிந்தவர்களிடம் காட்டவேணும். இறுகிப் பிடித்த பச்சை வேறு, உதிர்கிற பச்சை வேறு.

இதெல்லாம் பணக்காரரின் பொழுதுபோக்கு எண்டு சிலர் சொல்லுவினம். நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட செப்புக் காசுகளை நினைத்துப் பாருங்கள். படுத்திருக்கும் நந்தி, கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்து. அந்த அரசைப் பற்றிப் பேச எங்களிடம் எஞ்சியிருக்கிற நேரடிச் சான்றுகள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. ஆசைக்குத் தேய்த்தால் எழுத்து மழுங்கும். பெருமைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போலி ஒன்றை ஏற்றுக்கொண்டால், அது பிடிபடுகிற நாளில் உண்மையான காசுகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். எங்கட வரலாற்றில் பற்றிருக்குது எண்டு சொல்லுற நாங்கள்தான் மற்ற எல்லாரையும் விடக் கடுமையாகச் சோதிக்கவேணும்.

ஆகவே உங்கட வீட்டுப் பெட்டியில் காசு கிடந்தால் புளியும் வேண்டாம், மினுக்கெண்ணெயும் வேண்டாம். விளிம்பில் பிடியுங்கள், ஈரமில்லாத இடத்தில் கடதாசி உறையில் வையுங்கள். யாரிட்ட இருந்து வந்தது எண்டு ஒரு துண்டில் எழுதி அதோட போடுங்கள்.

எங்கட 1901 இப்ப திரும்பவும் கறுக்கத் தொடங்கியிருக்குது, திட்டுத் திட்டாக. அம்மம்மாவிடம் காட்டினோம். "முந்தி வடிவா இருந்ததே பிள்ளை" எண்டா.