பன்னிக்கு மூக்குதான் கண்ணு

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். கையில நாலு ஸ்பிரே பெயிண்ட் டப்பா.

"சித்தப்பா, நம்ம துப்பாக்கிக்கு கேமோ கலர் அடிச்சிரலாம். வீடியோல பாத்தேன், ரொம்ப ஈஸி."

அமெரிக்காவுல வேட்டைக்குப் போறவங்க ரைஃபிளுக்கு வீட்டுலயே அடிக்கிறாங்களாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சு, குழல் வாய்க்கும் விசைக்கும் டேப் ஒட்டி, மங்கலான காக்கி அடிச்சுக் காயவிடணும். அப்புறம் மேல இலை தழையை வச்சு, பச்சையும் பழுப்பும் மாத்தி மாத்தி அடிச்சா துப்பாக்கி புதரோட புதரா மறைஞ்சிருமாம்.

நம்ம வீட்டுல இருக்கிறது அப்பா காலத்து ஒத்தைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ். மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்துல வானத்தைப் பாத்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதோட வேலை.

நான் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. காட்டுப்பன்னிக்குக் கண்பார்வை மட்டம், மூக்குதான் எல்லாம். காத்து திரும்பினா, எந்தக் கலர் அடிச்சாலும் உங்க வேர்வை வாசத்தை வச்சே கண்டுபிடிச்சிரும். இன்னொண்ணு, துப்பாக்கியில இருக்கிற நம்பர். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். அங்க லைசென்ஸ் புத்தகத்தோட ஒத்துப் பாக்கிறப்போ நம்பர் பெயிண்டுக்குள்ள போயிருந்தா யார் பதில் சொல்றது? அடையாள எண்ணை அழிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒண்ணு உண்டு. அதே அமெரிக்காவுல, பல மாநிலங்கள்ல மான் வேட்டைக்குப் போறவன் பளிச்சுன்னு ஆரஞ்சு சட்டை போட்டே ஆகணும். மானுக்கு அந்த நிறம் எடுப்பாத் தெரியாது, பக்கத்துல நிக்கிற மனுசனுக்குத் தெரியும். நம்ம ஊர்ல மும்முனை கரண்ட் ராத்திரியில வந்தா, ஆளாளுக்கு மோட்டார் போட இருட்டுல நடக்கிறோம். இங்க துப்பாக்கியும் ஆளும் கண்ணுக்குத் தெரியணும். மறைஞ்சு நிக்கிறதுதான் ஆபத்து.

நகரத்து நண்பர்களே, துப்பாக்கி வச்சிருக்கிற விவசாயி வேட்டைக்காரன் இல்லீங்க. பன்னியைச் சுட எங்களுக்கு உரிமையும் கிடையாது. 2025 ஜனவரியில அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னியை வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. எங்க காடு அடிவாரத்துலயே இருக்கு. அப்போ எங்களுக்கு மிஞ்சுறது வேலி, காவல், நஷ்ட ஈட்டுக்கு மனு. எங்களுக்கு வேண்டியது நல்ல வேலியும், அலைய விடாம வந்து சேர்ற நஷ்ட ஈடும்தான். துப்பாக்கிக்குச் சாயம் பூசி ஒரு கதிரும் மிஞ்சாது.

பையன் மூஞ்சி வாடிப் போச்சு. வாங்கின டப்பாவை வீணாக்குவானேன்னு மோட்டார் ரூம் கதவுக்கு அடிக்கச் சொன்னேன். இலை வச்சு அழகாத்தான் அடிச்சான். அன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சும் கதவு எங்க இருக்குன்னு எனக்கே சட்டுன்னு தெரியல.