நாவல் சாஸ்: பாட்டில் மூடி தெறித்தது ஏன்?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய வரப்போரத்தில் காய்க்கும் நாவல் மரங்கள் நான்கு உள்ளன. வியாபாரி கேட்ட விலைக்குப் பழத்தைக் கொடுக்க மனமில்லாமல், சென்ற ஆடியில் ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் சாஸாகக் காய்ச்சி, பக்கத்து ஊர்க் கடைக்கு 20 பாட்டில்கள் கொடுத்தார். பத்தாம் நாள் மூன்று பாட்டில்கள் பொங்கி, மூடி தெறித்துவிட்டது. கடைக்காரர் மீதி 17 பாட்டில்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறு, இந்த ஆண்டு மறுபடி முயலலாமா, திரும்பி வந்ததை மீண்டும் காய்ச்சலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

செய்த முறையையும் அவரே எழுதியிருப்பதால் காரணம் தேட அதிகம் அலைய வேண்டியதில்லை. உதிர்ந்து வெடித்த பழங்களையும் சேர்த்திருக்கிறார். அளவில்லாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சர்க்கரைக்குப் பதில் கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கிறார். இரவு முழுக்க ஆறவைத்து, காலையில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பியிருக்கிறார். வெடித்த பழத்தில் ஈஸ்ட் ஏற்கெனவே குடியேறியிருக்கும். காய்ச்சும்போது அது செத்தாலும், ஆறும் நேரத்தில் காற்றிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் புதிதாக வந்து சேரும். இனிப்பும் ஈரமும் உள்ள இடத்தில் அது நொதித்து வாயுவை உண்டாக்கும். மூடி தெறித்தது அந்த வாயுவால்தான்.

ஜாம் கெடாமல் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. ஜாமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அந்த அடர்த்தியில் நுண்ணுயிர்கள் பெருகுவது கடினம். ஊற்றும் பதத்தில் உள்ள சாஸில் அவ்வளவு சர்க்கரை இருக்காது. ஆகவே அதைக் காக்க வேண்டியவை புளிப்பு, சூடு, சுத்தமான பாட்டில் மூன்றும்தான். ஒன்று குறைந்தாலும் சரக்கு நிற்காது.

பழம் எடுப்பதிலேயே வேலை தொடங்குகிறது. மரத்தடியில் வலையோ சுத்தமான தார்ப்பாயோ விரித்துக் கிளையை உலுக்கி, அன்றைக்கே விழுந்த முழுப் பழங்களை மட்டும் பொறுக்க வேண்டும். வௌவாலோ பறவையோ கடித்தது ஒன்றுகூடச் சேரக்கூடாது. நாவல் கிளை எளிதில் முறியும். சிறுவர்களை மரத்தில் ஏற்ற வேண்டாம். கறுத்த பழமே வேண்டும். செங்காய் சேர்ந்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.

கழுவி வடித்த பழத்தை அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, தோல் குழையும்வரை பத்து நிமிடம் வேகவைக்கலாம். இரும்புச் சட்டி ஆகாது. பழத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நிறம் மங்கிக் கறுக்கும். வெந்ததை மர மத்தால் மசித்து வடிகட்டியில் தேய்த்தால் கூழ் இறங்கி, கொட்டை மேலே நிற்கும். மிக்ஸியில் கொட்டையோடு அரைத்தால் கசப்பு ஏறிவிடும், பிறகு சர்க்கரை எவ்வளவு கொட்டினாலும் போகாது. நல்ல நிறம் தோலில்தான் இருக்கிறது என்பதால் தோலை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும்.

கூழை எடை போட்டு, ஒரு கிலோவுக்கு 600 கிராம் சர்க்கரை, இரண்டு பெரிய எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு என்ற கணக்கில் சேர்த்து, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். எலுமிச்சை ருசிக்காக மட்டுமல்ல. புளிப்பைக் கூட்டிப் பாதுகாப்பதும் அதுதான். வெல்லம் நாவலின் நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். பத்து நிமிடத்துக்குப் பிறகு குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் நடுவே கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு மெதுவாக மூடினால் பதம். மூடாமலே நின்றால் ஜாமை நோக்கிப் போய்விட்டது. ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால், கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குவது நல்லது.

இனி ஆறவிடக்கூடாது. கண்ணாடிப் பாட்டில்களையும் மூடிகளையும் முன்னதாகவே 15 நிமிடம் கொதிநீரில் வைத்திருக்க வேண்டும். சூடான பாட்டிலைத் துணிமேல் வைத்து, கொதிக்கும் சாஸை அரை அங்குலம் இடம் விட்டு ஊற்றி உடனே மூட வேண்டும். ஈரத் தரையில் வைத்தால் பாட்டில் விரிசல் விடும். பின்னர் அடியில் துணி போட்ட பாத்திரத்தில், பாட்டில்கள் முழுகும் அளவு வெந்நீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு எடுக்கலாம். திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. வீட்டுத் தேவைக்கு என்றால் இத்தனை பாடே வேண்டாம். கூழை உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிக்கொள்ளலாம்.

கெடாமலிருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடச் சொல்லிக் கடைக்காரர் யோசனை கூறியிருக்கிறாராம். நாவல், திராட்சை, மாதுளை போன்ற கருஞ்சிவப்புப் பழங்களுக்கு அது பொருந்தாது. நிறத்தை வெளுக்கச் செய்யும். இவற்றுக்குச் சோடியம் பென்சோயேட்தான் வழக்கம். ஆனால் அதற்குச் சட்டப்படி உச்ச அளவு உண்டு, கைக்கணக்கில் போடும் பொருளல்ல. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையத்திலோ செய்முறையோடு கற்றுக்கொண்டு தொடங்கலாம். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் கட்டாயம்; இந்த வாசகி அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

லேபிளில் 'சர்க்கரை நோய்க்கு நல்லது' என்று அச்சடிக்க ஆசை வரும். கிலோவுக்கு 600 கிராம் சர்க்கரை கொட்டிய பொருளில் அந்த வரி இருக்கக்கூடாது.

ஐஸ்கிரீம், குல்ஃபி, கெட்டித் தயிர் போன்ற குளிர்ந்தவற்றுக்கே இது பொருந்தும். சூடான பால் பாயசத்தில் ஊற்றினால் பால் திரிந்துவிடும். கடைக்காரருக்கு இதையும் சொல்லிக் கொடுப்பது நல்லது.

இந்த ஆண்டு முதலில் ஐந்து பாட்டில்கள் போதும். ஒவ்வொன்றிலும் காய்ச்சிய தேதியை எழுதி, ஒன்றை வீட்டிலேயே சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மாதம் வைத்துக் கவனிக்கலாம். மூடி உப்பாமல், வாசனை மாறாமல் இருந்தால் அடுத்த சுற்றுக்கு 20 காய்ச்சலாம்.

திரும்பி வந்த 17 பாட்டில்களை மீண்டும் காய்ச்ச வேண்டாம். நொதித்த சுவை போகாது; அதில் வேறு என்ன வளர்ந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. எருக்குழியில் கொட்டிவிடலாம், மாட்டுத் தொட்டியில் மட்டும் ஊற்ற வேண்டாம்.